இருபதாவது இரவுக்கு யார் டியூட்டி?

2023 பிப்ரவரி மாத ரோஸ்டரை, அதாவது யாருக்கு எப்போது டியூட்டி என்ற பட்டியலை, எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் ஒட்டியபோது ஆறாம் தேதிக் கட்டத்தில் மட்டும் பச்சை மை பூசியிருந்தது. திங்கட்கிழமை. அயர்லாந்தின் பத்தாவது பொது விடுமுறை அன்றைக்குத்தான் முதன்முறையாக வருகிறது. புனித பிரிஜித் நாள். பெண் ஒருத்தியின் பெயரில் இந்த நாடு விட்ட முதல் விடுமுறையும் அதுதான். என் பெயருக்கு நேரே அந்தப் பச்சைக் கட்டத்தில் 'நைட்' என்று எழுதியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2022 ஜனவரியில் அரசாங்கம் ஒரு அறிவிப்பு செய்தது. கொரோனா காலத்தில் உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லவும் இறந்தவர்களை நினைக்கவும் அந்த வருடம் மார்ச் 18 அன்று ஒரு நாள் விடுமுறை, முன்களப் பணியாளர்களுக்கு ஆயிரம் யூரோ, அடுத்த வருடத்திலிருந்து நிரந்தரமாகப் பிரிஜித் பெயரில் ஒரு விடுமுறை. எல்லாம் அதே அறிவிப்பில்தான். ஆக, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு நன்றி சொன்ன கையோடு விட்ட விடுமுறையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் நாங்கள் டியூட்டி பார்க்கிறோம். குறையாகச் சொல்லவில்லை. ஈடாக வேறொரு நாள் கிடைத்துவிடும். நோயாளிகளுக்கு யார் விடுமுறை விட்டார்கள்?

எங்கள் வார்டில் மலையாளிகள் ஆறு பேர், பிலிப்பைன்ஸ்காரர்கள் நாலு பேர், நாகர்கோவிலிலிருந்து வந்த தமிழச்சி நான் ஒருத்தி. அன்றைய இரவு யாருக்குமே பிரிஜித் யார் என்று சரியாகத் தெரியவில்லை. ஐரிஷ்காரியான எங்கள் சீனியர் சிஸ்டரைக் கேட்டோம். "பள்ளிக்கூடத்தில் புல்லில் சிலுவை பின்னச் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் ஒழுங்காக வந்ததில்லை" என்றாள். அதோடு காலிங் பெல் அடித்துவிட்டது.

மிச்சத்தை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. எண்பதைத் தாண்டியவர். வடமேற்கே டோனகால் பக்கத்துக்காரர். கல்யாணமாகி இந்தக் கில்டேர் கவுன்டிக்கு வந்து அறுபது வருடமாகிறது. பிரிஜித்தின் நாள் உண்மையில் பிப்ரவரி ஒன்று, விடுமுறையைத்தான் திங்கட்கிழமையில் விட்டார்கள். அடுத்த வருடம் அதற்கு முந்தின நாள், ஜனவரி 31 அன்று, எனக்கு ஓய்வு நாள். மத்தியானமே கதவைத் தட்டி, "பூட்ஸ் இருக்கிறதா? கோரை பிடுங்கப் போகவேண்டும்" என்றார்.

கோரை என்று நான்தான் சொல்கிறேன். நம் ஊர்க் கோரையின் தம்பி மாதிரி ஒன்று. தண்ணீர் தேங்கிய மேய்ச்சல் நிலத்தில் கொத்துக் கொத்தாக, முழங்கால் உயரத்துக்கு நிற்கும். விவசாயிக்கு அது தலைவலி, ஏனென்றால் அது முளைத்தால் நிலத்தில் வடிகால் சரியில்லை என்று அர்த்தம். மாடும் சீண்டாது. வருடம் முழுக்கத் திட்டு வாங்கும் அந்தப் புல்லுக்கு இந்த ஒரு சாயங்காலம் மட்டும் மரியாதை. அறுக்கக் கூடாது, கையால் பிடுங்கத்தான் வேண்டும் என்பது அம்மாவின் கண்டிப்பான உத்தரவு. அடித்தண்டைப் பிடித்து நிதானமாக இழுத்தால் வெள்ளை வேரோடு சத்தம் போட்டுக்கொண்டு வரும். அவசரப்பட்டால் கையை அறுக்கும். எனக்கு அறுத்தது.

இருட்டினதும் சடங்கு. டோனகால் பக்கத்து வழக்கப்படி, வீட்டுப் பெண் ஒருத்தி பிரிஜித்தாகி, கோரைக்கட்டோடு வெளியே நின்று மூன்று தடவை கதவைத் தட்ட வேண்டும். அந்த வீட்டில் பெண் பிள்ளை இல்லாததால் முப்பத்தெட்டு வயதில் நான் அந்த வீட்டுப் பெண்ணானேன். சொல்லவேண்டிய ஐரிஷ் வரியை உள்ளங்கையில் தமிழில் எழுதி வைத்திருந்தேன். தூறலில் பாதி அழிந்துபோனது. முழங்காலிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள் என்பது அதன் பொருள். உள்ளேயிருந்து அம்மாவும் அவர் மகனும், "வரட்டும், வரட்டும், அந்த உயர்ந்த பெண் வரட்டும்" என்று பதில் சொன்னார்கள். மகனுக்கு ஐம்பத்தைந்து வயது, லாரி ஓட்டுகிறார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கோரைக்கட்டை மேசைக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் சாப்பாடு. உருளைக்கிழங்கை மசித்து வெங்காயத்தாள் தூவி, நடுவில் குழி பறித்து, அதில் வெண்ணெய்க்கட்டி. வெண்ணெய் உருகி நிற்கும் குளத்தில் ஓரத்துக் கிழங்கைத் தொட்டுத் தொட்டுத் தின்ன வேண்டும். அதற்குப் பிறகுதான் பின்னல்.

ஒரு தண்டை நட்டமாகப் பிடிக்க வேண்டும். இரண்டாவதை நடுவில் மடித்து, முதல் தண்டின் இடுப்பில் மாட்டி வலப்பக்கம் இழுக்க வேண்டும். முழுதையும் கால் வட்டம் இடப்பக்கமாகத் திருப்பினால் இப்போது வலப்பக்கம் இருந்தது மேலே நிற்கும். அடுத்த தண்டை மடித்து அதன்மேல் மாட்டி மறுபடியும் வலப்பக்கம். திருப்பு, மாட்டு, திருப்பு, மாட்டு. அவ்வளவுதான் வித்தை. ஆனால் நடுவில் வைத்த கட்டைவிரலை எடுத்தால் எல்லாம் அவிழ்ந்துபோகும். எட்டாவது தண்டில் எனக்கு அவிழ்ந்தது. இருபது தண்டு போனதும் நடுவில் ஒரு சதுரம் பாய் மாதிரி விழுந்து, நாலு கை நாலு பக்கம் நீளும். நுனிகளை நூலால் கட்டி ஒழுங்காக நறுக்கினால் பிரிஜித் சிலுவை தயார். பச்சையாக இருப்பது சில வாரத்தில் வைக்கோல் நிறமாகிவிடும்.

அதை வாசலுக்கு மேலே மாட்டுவார்கள். கூரை வீடுகள் இருந்த காலத்தில் எரவாணத்தில் செருகுவார்களாம். தீயும் நோயும் அண்டாது என்று நம்பிக்கை. சில வீடுகளில் பழையதை எடுக்காமல் வருடத்துக்கு ஒன்றாகச் செருகிக்கொண்டே போவார்கள், கூரை எத்தனை வருடத்தது என்று எண்ணிச் சொல்லலாம். மாட்டுத்தொழுவத்துக்குச் சில ஊர்களில் மூன்று கை வைத்த சிலுவை. மேயோ கவுன்டியில் காசல்பார் பக்கத்தில் கிராம வாழ்க்கைக்கென்று இருக்கும் தேசிய அருங்காட்சியகத்தில் ஊருக்கு ஒரு தினுசாகச் சிலுவைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சாகக் கிடந்த ஒரு தலைவனுக்கு ஏசுவைப் பற்றிச் சொல்ல, தரையில் கிடந்த கோரையை எடுத்துப் பிரிஜித் பின்னிக் காட்டினாள் என்று கதை. அவளைப் பற்றிக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வரலாற்றில் அந்தக் கதை இல்லை. அம்மாவிடம் சொன்னேன். "எழுதினவன் ஆம்பிளை. பின்னத் தெரிந்திருக்காது" என்றார்.

அந்த ஆம்பிளையின் பெயர் கோகிடோசஸ். கில்டேர் மடத்துத் துறவி, 7ஆம் நூற்றாண்டின் நடுவில் லத்தீனில் எழுதினார். பிரிஜித் 524 வாக்கில் இறந்தாள் என்பது மரபு. அப்படியென்றால் அவள் போய் நூறு வருடத்துக்கும் மேலான பிறகு எழுதியது. கில்டேர் என்றால் ஐரிஷில் கருவாலி மரத்துக் கோயில். அங்கே அவள் தொடங்கிய மடத்தில் ஆணும் பெண்ணும் தனித்தனியாக வாழ்ந்தார்கள், தலைமை அவளுக்கு. ஒரே ஆலயத்தில் நடுவே தடுப்புச் சுவர், இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் என்றும், பீடத்தின் இருபுறமும் பிரிஜித்தின் கல்லறையும் ஆயர் (பிஷப்) கோன்லெத்தின் கல்லறையும் பொன்னும் வெள்ளியும் இழைத்து இருந்தன என்றும் கோகிடோசஸ் எழுதுகிறார்.

பின்னால் வந்த வரலாறுகள் இன்னும் சுவையானவை. பிரிஜித்தின் அம்மா அடிமைப்பெண், அப்பா தலைவர் ஒருவர். பிள்ளை வீட்டில் இருப்பதையெல்லாம் பிச்சைக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறாள் என்று பொறுக்க முடியாமல் அரசனிடம் மாவரைக்க விற்றுவிடலாமென்று தேரில் ஏற்றிக் கூட்டிப்போகிறார். விலை பேச அவர் உள்ளே போன நேரத்தில் ஒரு தொழுநோயாளி வந்து கையேந்துகிறான். தேரில் இருந்தது அப்பாவின் வாள், அரசனே பரிசாகக் கொடுத்தது. அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அரசன் சிரித்துவிட்டு, இவள் நம் இருவரையும்விடப் பெரியவள், விலை பேச முடியாது என்று அனுப்பிவிட்டான்.

இன்னொரு கதையில் அவளுக்கு முக்காடு போட்டு வைக்க வந்த, மேல் என்ற பெயருடைய ஆயர், அருள் வெறியில் தப்பான பக்கத்தைப் புரட்டி ஆயர் பட்டத்துக்கான ஜெபத்தையே வாசித்துவிட்டார். வாசித்தது வாசித்ததுதான், இனி இவள் ஆயர் என்றாராம். குளிக்கிற தண்ணீரை பீராக்கிக் கொடுத்ததும் உண்டு. மடம் கட்ட நிலம் கேட்டபோது, உன் போர்வை எவ்வளவு மூடுமோ அவ்வளவு எடுத்துக்கொள் என்று அரசன் கிண்டல் செய்ய, விரித்த போர்வை விரிந்துகொண்டே போய் கர்ரா சமவெளி முழுதையும் மூடியதாம். அந்தச் சமவெளியில் இன்று குதிரைப் பந்தயம் நடக்கிறது. டியூட்டி முடிந்து வரும் விடியற்காலைகளில் அதன் வழியாகத்தான் காரோட்டி வருகிறேன். மரமே இல்லாமல் பச்சையாக, உண்மையிலேயே யாரோ துணி விரித்த மாதிரிதான் கிடக்கும். மேலே ஆடுகள்.

ஆடுகள் என்றதும் இன்னொன்று. பிப்ரவரி முதல் தேதி கிறிஸ்தவத்துக்கு முன்பே இங்கே பண்டிகை நாள், பெயர் இம்போல்க். வருடத்தை நாலாக வெட்டும் நாலு பழைய நாட்களில் ஒன்று. ஆடுகள் ஈனத் தொடங்கி மடியில் பால் சுரக்கும் காலம் என்பதால் ஆட்டுப்பால் என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று ஒரு பழைய அகராதி சொல்கிறது. தாரா குன்றில் சுமார் ஐயாயிரம் வருடப் பழைய கல்லறை மேடு ஒன்று இருக்கிறது. பிப்ரவரி தொடக்கத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் உதிக்கும் சூரியன் அதன் பாதைக்குள் நேராக விழும். பிப்ரவரி ஒன்று வசந்தத்தின் முதல் நாள் என்று ஐரிஷ் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். வானிலைத் துறையோ அதைக் குளிர்காலத்தில் சேர்த்து, மார்ச்சில்தான் வசந்தம் என்கிறது. கை விறைக்கக் கார்க் கண்ணாடியில் பனி சுரண்டும் எனக்கு வானிலைத் துறை சொல்வதே சரியென்று படும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் இதைச் சொல்வதற்கில்லை.

அதே பழைய அகராதிதான் இன்னொரு சண்டைக்கும் விதை. 900 வாக்கில் காஷெல் அரசராகவும் ஆயராகவும் இருந்த கோர்மாக்கின் பெயரில் வழங்கும் அந்த அகராதியில், பிரிஜித் என்பவள் கவிஞர்கள் வணங்கிய தெய்வம், மருத்துவத்துக்கு ஒருத்தி, கொல்லுப்பட்டறைக்கு ஒருத்தி என அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள் என்று இருக்கிறது. இதை வைத்து, துறவி என்று ஒருத்தி இருந்ததே இல்லை, பழைய தெய்வத்துக்குச் சபை முக்காடு போட்டுவிட்டது என்று பலர் அடித்துச் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள். தெய்வத்தைப் பற்றிய அந்தக் குறிப்பு, துறவியைப் பற்றிய கோகிடோசஸின் எழுத்துக்கு இருநூற்றைம்பது வருடம் பிந்தியது, எழுதியதும் கிறிஸ்தவர்தான். தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு நிஜப் பெண் கில்டேரில் மடம் நடத்தியிருக்கலாம், கதைகள் பிற்பாடு ஒன்றோடொன்று கலந்திருக்கலாம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பெயர் ராசி நம் ஊரில் இல்லாததா?

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கில்டேர் நெருப்பு.

1180களில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ்காரப் பாதிரியார் ஜெரால்டு எழுதி வைத்தது. பிரிஜித் காலத்திலிருந்து அணையாமல் எரியும் நெருப்பு ஒன்று கில்டேரில் இருக்கிறது. இத்தனை நூறு வருடம் விறகு போட்டும் சாம்பல் மட்டும் கூடவில்லை. சுற்றி வட்டமாகக் குச்சி வேலி, ஆண்கள் தாண்டக் கூடாது. நெருப்பை வாயால் ஊதக் கூடாது, துருத்தியாலோ முறத்தாலோ விசிறலாம். வேலியைத் தாண்டிக் குதித்து வாயால் ஊதிய ஒரு வில்லாளிக்குப் பைத்தியம் பிடித்து, எதிரே வந்தவர்கள் முகத்திலெல்லாம் ஊதிக்கொண்டே ஓடி, கடைசியில் தண்ணீர் குடித்துக் குடித்தே செத்தான். கதைக்கு மிளகாய் சேர்ப்பதில் ஜெரால்டு கெட்டிக்காரர். ஆனால் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றி அவர் எழுதியதை வாசித்தபோது, நைட் டியூட்டியில் விடியற்காலை மூன்று மணி டீயோடு உட்கார்ந்திருந்த நான் நிமிர்ந்துவிட்டேன்.

பிரிஜித் காலத்தில் இருபது பேர், அவளையும் சேர்த்து. அவள் இறந்தபின் பத்தொன்பது பேர். அவள் இடத்துக்கு யாரையும் சேர்க்கவில்லை. ஆளுக்கு ஒரு இரவு. பத்தொன்பதாவது இரவுக்காரி விறகை அடுக்கி வைத்துவிட்டு, "பிரிஜித், உன் நெருப்பை நீ பார்த்துக்கொள். இந்த இரவு உன்னுடையது" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிடுவாள். காலையில் வந்து பார்த்தால் விறகு எரிந்திருக்கும், நெருப்பு இருக்கும்.

இது ரோஸ்டர். வேறென்ன? நாங்கள் தினமும் இதைத்தான் செய்கிறோம். நாலாவது கட்டிலுக்கு டிரிப் மாற்றியாயிற்று, ஏழாவது கட்டில்காரர் ராத்திரி எழுந்து நடப்பார், பார்த்துக்கொள் என்று அடுத்த டியூட்டிக்காரிக்கு ஓவர் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். அதில் செத்துப்போன ஒருத்தியின் பெயரை எடுக்காமல் அவளுக்கும் ஒரு இரவு போட்டு வைத்திருந்தார்கள். அவளுக்கும் ஓவர் கொடுத்தார்கள். கொரோனா முதல் வருடத்தில் எங்களில் பாதிப்பேர் தனிமைப்படுத்தலில் இருக்க, வெற்றுக் கட்டங்களோடு ரோஸ்டர் தொங்கிய இரவுகளை நினைத்துக்கொண்டேன். இருபதாவது இரவுக்கு இப்படி ஒருத்தி கிடைத்திருந்தால் நானும் போய்ப் படுத்திருப்பேன்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரசன் எட்டாம் ஹென்றி காலத்து மடஒழிப்போடு அந்த நெருப்பும் போனது. கில்டேர் நகரில் பிரிஜித் பேராலயத்து வளாகத்தில், நெருப்பு வீடு என்று சொல்லி ஒரு தாழ்வான கற்கட்டடத்தின் அடித்தளத்தைக் காட்டுகிறார்கள். பக்கத்தில் முப்பது மீட்டருக்கு மேல் உயர்ந்த வட்டக் கோபுரம். நான் போன அன்று நெருப்பு வீட்டுக்குள் மழைத் தண்ணீர் தேங்கி ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. 1993இல் பிரிஜித் பெயரைக் கொண்ட சபையின் கன்னியர்கள் கில்டேர் சந்தைச் சதுக்கத்தில் நெருப்பை மறுபடியும் ஏற்றினார்கள். 2006 பிப்ரவரி முதல் தேதி அங்கே நிரந்தரச் சுடரை ஏற்றி வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் மேரி மக்அலீஸ்.

அயர்லாந்தின் இன்னொரு புனிதரான பேட்ரிக்கின் நாள் என்றால் உலகத்துக்கே தெரியும். பச்சைத் தொப்பி, ஊர்வலம், பீர். பிரிஜித் நாளுக்குக் கடையில் வாங்க ஒன்றுமே இல்லை. புல், ஒரு துணி, ஒரு கிழங்கு. அதனால்தானோ என்னவோ, வெளியே யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள்ளேயே அது இவ்வளவு காலம் கிடந்திருக்கிறது. 1930களின் கடைசியில் அயர்லாந்து நாட்டார் வழக்காற்று ஆணையம் சுமார் ஐயாயிரம் பள்ளிகளின் பிள்ளைகளிடம் நோட்டுப் புத்தகம் கொடுத்து, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் சொன்னது. 1942இல் பிரிஜித் நாளைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கேள்வித்தாளை நாடெங்கும் அனுப்பியது. பள்ளிப் பிள்ளைகளின் கையெழுத்து நோட்டுகள் இப்போது இணையத்தில் கிடக்கின்றன. எழுத்துப்பிழையோடு ஒரு பதினொரு வயதுப் பெண் எங்கள் வீட்டில் இப்படித்தான் செய்வோம் என்று எழுதியதைப் படிக்க ஆரம்பித்தால் எழுந்திருக்க மனம் வராது. அன்றைக்குச் சக்கரம் எதுவும் சுழலக் கூடாது, ராட்டையும் வண்டியும் நிற்க வேண்டும். கெர்ரியில் வைக்கோல் முகமூடி போட்டுப் பிரிஜித் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். என் நாளுக்குப் பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் வெயில் தருகிறேன் என்று பிரிஜித் வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். எட்டு வருடமாகப் பார்க்கிறேன், இன்னும் நிறைவேற்றவில்லை.

1961 கடைசி இரவில் அயர்லாந்துத் தொலைக்காட்சி தொடங்கியதைத் தொடர்ந்து, 1995 வரை அதன் சின்னமாக இருந்ததும் இந்தக் கோரைச் சிலுவைதான். எங்கள் சீனியர் சிஸ்டர் தலைமுறைக்கு அது டிவியில் வருகிற சின்னம். அம்மாவுக்கோ தொழுவத்துச் சாமான்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது துணி. 31 இரவு ஒரு துணித்துண்டையோ நாடாவையோ வெளியே புதரிலோ ஜன்னல் விளிம்பிலோ போட்டுவைக்க வேண்டும். ராத்திரி பிரிஜித் அந்த வழியாகப் போகும்போது தொட்டுவிட்டுப் போவாள். அதற்குப் பிறகு அது மருந்து. தலைவலிக்குத் தலையில் கட்டலாம், தொண்டைவலிக்குக் கழுத்தில் சுற்றலாம், பிரசவ வலியில் இருப்பவள் கையில் கொடுக்கலாம், கன்று போட முடியாமல் கஷ்டப்படும் மாட்டின் முதுகில் போடலாம். வருடம் ஆக ஆகச் சக்தி ஏறும். வெளியே போடும்போது நாடாவை அளந்து வைக்க வேண்டும். காலையில் நீளம் கூடியிருந்தால் அவள் வந்துபோனதற்கு அடையாளம்.

இந்த வருடம் 31 எனக்கு நைட். காலை எட்டரைக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது அம்மா தோட்டத்தில் அங்கியோடு நின்று, முட்செடியிலிருந்து வெள்ளை நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "வா, ஒரு நுனியைப் பிடி" என்றார். தையல் டேப்பை வைத்து அளந்தோம். கால் அங்குலம் கூடியிருந்தது. நனைந்த நாடாவை இரண்டு பேர் இரண்டு பக்கம் இழுத்துப் பிடித்தால் கூடத்தான் செய்யும் என்று நான் சொல்லவில்லை. கத்தரிக்கோல் எடுத்து ஒரு சாண் நறுக்கி என் கையில் கொடுத்தார். "உங்கள் ஆஸ்பத்திரி மாத்திரை கேட்காத தலைவலிக்கு."

சீருடைப் பாக்கெட்டில் பேனாவோடும் சின்ன டார்ச்சோடும் அதையும் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் வாரம் பாக்கெட்டைப் பார்க்க மறந்து சீருடையை மெஷினில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது நாடா சுருண்டு நீலம் பாய்ந்திருந்தது. குற்ற உணர்ச்சியோடு வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, இனி இது வேலை செய்யுமா என்று கேட்டேன்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எத்தனை டிகிரியில் துவைத்தாய்?"

"நாற்பது."

"நாற்பது பரவாயில்லை."